ஆஸ்திரேலியக் காட்டில் தைலமரங்களை இனம் காண்பது எப்படி?

நீலகிரியில் தைலமரத்தைப் பார்த்துப் பழகியவர் ஆஸ்திரேலியக் காட்டுக்குள் நுழைந்தால் சிறிது தூரம் நடப்பதற்குள்ளேயே திகைத்துப் போவார். ஊட்டியின் மலைச்சரிவுகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை யூகலிப்டஸ் குளோபுலஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. டாஸ்மேனியாவையும் விக்டோரியாவின் தென்பகுதியையும் தாயகமாகக் கொண்ட அந்த மரம் 19ஆம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காக நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. தாயகக் கண்டத்திலோ தைலமரக் கூட்டத்தில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைப் பகுதியில் மட்டும் 90க்கும் மேற்பட்டவை இயற்கையாக வளர்கின்றன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததற்கு இந்தப் பன்மையும் ஒரு முக்கியக் காரணம். ஒரே மலைப்பாதையில் வழவழப்பான வெள்ளை மரமும், கருத்து வெடித்த பட்டையுடைய மரமும், நார் நாராக உரியும் மரமும் அடுத்தடுத்து நிற்கும். அவை எல்லாமே தைலமரங்கள்தாம்.

இத்தனை இனங்களையும் கற்றுக்கொண்ட பிறகுதான் காட்டுக்குப் போக வேண்டும் என்றால் யாரும் போக முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. ஓர் இடத்தில், ஒரு வகை மண்ணில், வழக்கமாகக் காணக்கூடிய தைலமரங்கள் பத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்தையும் பிரித்தறிவதற்கு ஒரு வரிசை உண்டு: மரம் நிற்கும் இடம் பட்டியலைச் சுருக்கும், பட்டை அதன் குழுவைக் காட்டும், மொட்டும் காயும் பெயரை உறுதிசெய்யும். பெரும்பாலோர் இலையைப் பறித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். தைலமரத்தைப் பொறுத்தவரை இலை கடைசியில் பார்க்கத் தக்கது என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளைச் சிட்னி வட்டாரத்திலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். தமிழர்கள் மிகுதியாகக் குடியிருக்கும் பகுதிகளுக்கு அருகிலேயே நல்ல காடுகள் இருப்பதும், வெவ்வேறு மண்வகைகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் மாறுவதும் தொடக்கநிலையில் கற்பதற்கு இந்த வட்டாரத்தை மிகவும் ஏற்றதாக ஆக்குகின்றன.

முதலில், அது தைலமரம்தானா?

தைலமரம் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று பேரினங்களை உள்ளடக்கியது: யூகலிப்டஸ், கொரிம்பியா, ஆங்கோஃபோரா. மூன்றுமே நாவலும் கொய்யாவும் சேர்ந்திருக்கும் மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. கொரிம்பியா இனங்கள் நெடுங்காலம் யூகலிப்டஸ் என்றே அழைக்கப்பட்டு 1995ஆம் ஆண்டில்தான் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன. ஆகவே பழைய கையேடுகளில் எலுமிச்சை மணம் வீசும் தைலமரம் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்றும், புதியவற்றில் கொரிம்பியா சிட்ரியோடோரா என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

யூகலிப்டஸ், கொரிம்பியா ஆகிய இரண்டுக்கும் பொதுவான அடையாளம் மொட்டின் மூடி. மற்றப் பூக்களில் விரிந்து நிற்கும் இதழ்கள் இவற்றில் ஒன்றாக இணைந்து ஒரு தொப்பியாகி மொட்டை மூடியிருக்கும். பூக்கும்போது அந்தத் தொப்பி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த மகரந்தத்தாள்கள் நூற்றுக்கணக்கில் விரிந்து வெளிவரும். பூவின் நிறம் என்று நாம் பார்ப்பது இந்தத் தாள்களின் நிறத்தையே. ஆங்கோஃபோராவுக்கு மூடி கிடையாது. சிறிய தனித்தனி இதழ்கள் உண்டு. காயின் மேல் நெடுக்கு வரம்புகள் ஓடும். முதிர்ந்த மரத்திலும் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். மற்ற இரு பேரினங்களிலும் முதிர்ந்த மரத்தின் இலைகள் பெரும்பாலும் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக அமையும்.

தைலமரம் போலத் தோன்றி ஏமாற்றும் மரங்களில் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சிட்னித் தெருக்களில் எங்கும் நிற்கும் பிரஷ் பாக்ஸ் மரத்தின் காய் தைலமரக் காயை ஒத்திருக்கும். ஆனால் அதன் இலைகள் கிளை நுனியில் நெருங்கி வட்டமாக அமையும், பூவில் ஐந்து வெள்ளை இதழ்கள் தெளிவாகத் தெரியும். டர்பன்டைன் மரத்தின் பட்டை நார்ப்பட்டைத் தைலமரத்தின் பட்டையைப் போலவே இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறி, நுண்ணிய மயிர்ப் பூச்சுடன் தெரியும். பல காய்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகியிருக்கும். இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் தொடக்கநிலையில் ஏற்படும் பிழைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

மண்ணைப் பார்த்துவிட்டு மரத்தைப் பாருங்கள்

தைலமரங்கள் மண்ணையும் ஈரத்தையும் மிகவும் நுட்பமாகப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. சிட்னியின் தெற்கிலும் வடக்கிலும் கடற்கரையை ஒட்டி ஹாக்ஸ்பரி மணற்கல் பாறை பரவியிருக்கிறது. சத்துக் குறைந்த அந்த மணலில், 1879ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ராயல் தேசியப் பூங்கா போன்ற இடங்களில், சிட்னி ரெட் கம் எனப்படும் ஆங்கோஃபோரா கோஸ்டாடா, சிவப்பு பிளட்வுட் என்னும் கொரிம்பியா கம்மிஃபெரா, ஸ்கிரிப்ளி கம் என்னும் யூகலிப்டஸ் ஹீமஸ்டோமா, சிட்னி பெப்பர்மின்ட் என்னும் யூகலிப்டஸ் பைப்பரிட்டா ஆகியவற்றை முதலில் எதிர்பார்க்கலாம். மேற்கே வென்ட்வொர்த்வில், டூங்காபி முதலிய புறநகர்கள் அமைந்திருக்கும் கம்பர்லாந்து சமவெளியில் மணற்கல்லுக்கு மேல் களிப்பாறை படிந்திருப்பதால் மண் கனமான களிமண். அங்கே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் நிற்பவை கிரே பாக்ஸ் என்னும் யூகலிப்டஸ் மொலுக்கானா, ஃபாரஸ்ட் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் டெரெட்டிகோர்னிஸ், குறுகிய இலையுடைய அயர்ன்பார்க் என்னும் யூகலிப்டஸ் கிரெப்ரா. மணற்கல்லில் பழகிய கண்ணோடு இங்கே வந்தால் ஒரு மரமும் தெரிந்த மரமாக இராது.

ஆகவே மரத்தின் அருகில் போவதற்கு முன்பே சிலவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலுக்கடியில் இருப்பது மணலா களியா, நிற்கும் இடம் மேட்டு முகடா ஓடைக்கரையா, சரிவு வெயில் படும் வடக்குப் பக்கமா ஈரம் தங்கும் தெற்குப் பக்கமா என்பவை அவை. தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வரும் என்பதை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் மறந்துவிடுவது இயல்பு. உள்நாட்டில் மரே, டார்லிங் ஆற்றங்கரைகளில் பருத்த வெள்ளை மரங்கள் வரிசையாக நின்றால் அவை ரிவர் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் ஆக இருக்கவே வாய்ப்பு மிகுதி. கொசியஸ்கோ மலையின் பனி விழும் உயரங்களில் முறுக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஸ்னோ கம் என்னும் யூகலிப்டஸ் பாசிஃபுளோரா. வறண்ட தென்பகுதிகளில் தரைமட்டத்திலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பும் குட்டைத் தைலமரங்களுக்கு மல்லி என்று பொதுப்பெயர். மண்ணுக்குள் இருக்கும் கட்டையான வேர்முடிச்சிலிருந்து அவை தீக்குப் பிறகும் மீண்டும் துளிர்க்கும்.

பட்டை: குழுவைக் காட்டும் முதல் அடையாளம்

தைலமரங்கள் ஆண்டுதோறும் பட்டையின் உட்புறத்தில் புதிய அடுக்கை உண்டாக்குகின்றன. பழைய அடுக்கு உதிர்கிறதா, தங்குகிறதா, தங்கினால் எந்த உருவில் தங்குகிறது என்பதில்தான் வேறுபாடு எல்லாம் இருக்கிறது. பழைய அடுக்கு முழுவதும் உதிர்ந்துவிட்டால் தண்டு வழவழப்பாக இருக்கும். இவற்றைப் பொதுவாக கம் என்பார்கள். உதிராமல் நீண்ட நார்களாகத் தங்கினால் அது ஸ்ட்ரிங்கிபார்க்; விரலால் பிடித்து இழுத்தால் கயிறு திரிக்கலாம் போல நார் நீளமாக வரும். நார் குட்டையாகவும் இறுக்கமாகவும் சாம்பல் நிறத்திலும் இருந்தால் பாக்ஸ் வகை. நடுத்தரமாக, மென்மையாகப் பின்னியது போல இருந்தால் பெப்பர்மின்ட் வகை. கினோ என்னும் செந்நிறப் பிசின் ஊறி இறுகிப்போன பட்டை ஆழமான பள்ளங்களோடு கருமையாக நின்றால் அது அயர்ன்பார்க். கையால் அழுத்திப் பார்த்தால் இம்மியும் அசையாது, நகத்தால் கிள்ளவும் முடியாது. சிறு சிறு சதுரத் துண்டுகளாக வெடித்து, தடிமனான கிளைகளிலிருந்து மெல்லிய கிளைகள் வரை அதே கரடுமுரடோடு தொடர்ந்தால் அது பிளட்வுட். காயம்பட்ட இடங்களில் அதே செந்நிறக் கினோ கசிந்து உறைந்திருப்பதைப் பிளட்வுட் மரங்களில் அடிக்கடி காணலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டை எப்படி இருக்கிறது என்பதோடு, அது எந்த உயரம் வரை அப்படி இருக்கிறது என்பதையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். பிளாக்பட் என்னும் யூகலிப்டஸ் பில்லுலாரிஸ் மரத்தில் அடிமரத்தின் பாதிக்கு மேல் வரை கருத்த நார்ப்பட்டை இருந்து, அதற்கு மேல் சட்டென்று வழவழப்பான வெளிர்நிறத் தண்டு தொடங்கும். சிட்னி புளூ கம் என்னும் யூகலிப்டஸ் சாலிக்னாவில் கரடுமுரடான பட்டை அடியில் ஓரிரு ஆள் உயரத்துக்கு மட்டுமே இருக்கும். அதற்கு மேலே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மரம் நேராக எழும். கண்மட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். சிட்னியின் வடபகுதியில் செயின்ட் ஐவ்ஸ் அருகே உள்ள டால்ரிம்பிள்-ஹே இயற்கைக் காப்பகத்தில் இந்த இரண்டும் கலந்து நிற்கின்றன. ஒரு முற்பகலை அங்கே செலவிட்டு, கரடும் வழவழப்பும் சந்திக்கும் எல்லையை ஒவ்வொரு மரத்திலும் தேடிப் பார்ப்பது பட்டையைக் கற்க மிகச் சிறந்த பயிற்சி.

பட்டை பருவத்துக்கேற்ப நிறம் மாறும் என்பதும் தொடக்கநிலையில் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கோஃபோரா கோஸ்டாடா வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் பழைய பட்டையைச் செதில் செதிலாக உதிர்க்கும். அப்போது புதிய தண்டு பளிச்சென்ற செம்மஞ்சளில் இருக்கும்; மாதங்கள் செல்லச் செல்ல அது இளஞ்சிவப்பாகி, பின் சாம்பலாக மங்கும். டிசம்பரில் கண்ட மரத்தை ஆகஸ்டில் வேறு மரம் என்று எண்ணுவது எளிது. மணற்கல் பாறையின் விளிம்பில் அடித்தண்டு பாறைமேல் வழிந்து படர்ந்தது போல நிற்பதும், கிளைகள் கோணல்மாணலாக முறுக்கியிருப்பதும் எந்தப் பருவத்திலும் மாறாத அதன் அடையாளங்கள்.

பட்டையில் எழுதப்பட்டது போன்ற கிறுக்கல்கள் தெரிந்தால் நின்று பார்க்கத் தவறாதீர்கள். ஸ்கிரிப்ளி கம் மரத்தின் வெள்ளைத் தண்டில் பழுப்பு நிறத்தில் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளை உண்டாக்குவது ஓக்மோகிராப்டிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழு. முட்டையிலிருந்து வெளிவந்த புழு பழைய பட்டைக்கும் புதிய பட்டைக்கும் இடையே துளைத்துக்கொண்டு போகும். முதலில் அகன்ற வளைவுகளாகவும் பிறகு நெருக்கமான நெளிவுகளாகவும் செல்லும் அது, ஓர் இடத்தில் குறுகிய வளைவெடுத்துத் திரும்பி, வந்த வழியை ஒட்டியே மீண்டும் நடக்கும். இதற்குள் மரம் அந்தப் பாதையில் காயத்தை ஆற்றும் மென்திசுவை நிரப்பியிருக்கும். அந்தச் சத்துள்ள திசுவைத் தின்று விரைவாக வளர்ந்த புழு மரத்தை விட்டு இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பின்னர் மேல்பட்டை உதிரும்போது அது சென்ற வழி வெளியே தெரிகிறது. ஒரு கோட்டை விரலால் தொடர்ந்து சென்றால் அது திரும்பிய இடத்தையும், அதன்பின் கோடு இரட்டையாகித் தடித்திருப்பதையும் தெளிவாகக் காண முடியும். இந்தக் கிறுக்கல் ஒரே ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. கன்பரா பக்கம் யூகலிப்டஸ் ரோசியை, சிட்னியிலேயே யூகலிப்டஸ் ரசிமோசா முதலிய நெருங்கிய உறவினங்களிலும் அது உண்டு. எப்போதாவது பிளாக்பட்டின் மேல்தண்டிலும் தென்படும். எனவே கிறுக்கலைக் கண்டவுடன் பெயரை முடிவுசெய்யாமல் காயைத் தேட வேண்டும்.

இலையை ஏன் கடைசியில் வைத்தேன்

நீலகிரித் தைலமரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கன்றில் இலைகள் அகன்று, காம்பில்லாமல், எதிரெதிரே தண்டைத் தழுவி நிற்கும். மேலே வெண்ணீலப் பூச்சு படிந்திருக்கும். தண்டே நான்கு விளிம்புகளோடு சதுரமாக இருக்கும். அதே மரம் வளர்ந்த பிறகு இலைகள் அரிவாள் போல நீண்டு, காம்போடு தொங்கி, கரும்பச்சையாக மாறிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மரத்தின் இலைகள் என்று நம்புவது கடினம். ஏறத்தாழ எல்லாத் தைலமரங்களிலும் இளமை இலைக்கும் முதிர் இலைக்கும் ஓரளவேனும் வேறுபாடு உண்டு. காட்டுத்தீ ஓடிய பிறகு முதிர்ந்த மரத்தின் தண்டெங்கும் முளைக்கும் புதுத் துளிர்களும் இளமை இலைகளாகவே வரும். மறுபக்கம், முதிர் இலைகளோ இனத்துக்கு இனம் பெரும்பாலும் ஒரே அரிவாள் வடிவம். கைக்கு எட்டும் தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் இலையை எடுத்துக்கொண்டு பெயர் தேடுவது பலனளிக்காததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் இலையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே நிறமா, அல்லது கீழ்ப்பக்கம் வெளிறியதா என்று பார்க்க வேண்டும். வறண்ட இடங்களில் செங்குத்தாகத் தொங்கி இருபுறமும் வெயில் வாங்கும் இலைகள் பெரும்பாலும் இருபுறமும் ஒரே நிறத்தில் இருக்கும். சிட்னி புளூ கம், கிரே கம் போன்றவற்றில் கீழ்ப்பக்கம் தெளிவாக வெளிறியிருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். பக்க நரம்புகளின் கோணமும் அப்போது விளங்கும். பிளட்வுட்களில் பக்க நரம்புகள் நடுநரம்பிலிருந்து ஏறத்தாழ நேர்கோணத்தில், மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஸ்னோ கம்மிலோ முக்கிய நரம்புகள் இலையின் நீளவாக்கிலேயே ஓடுவதால் ஒரு பார்வையில் அடையாளம் தெரிந்துவிடும். கசக்கி முகர்ந்து பார்ப்பதும் பயனுள்ளது: சிட்னி பெப்பர்மின்ட்டின் மணமும் எலுமிச்சைத் தைலமரத்தின் மணமும் மூக்கில் பட்டவுடன் தெரிபவை. மற்றவற்றில் மணத்தை மட்டும் நம்புவதற்கில்லை.

மொட்டும் காயும்

உறுதியான விடை இங்கேதான் கிடைக்கும். தைலமரக் காய்கள் கட்டையானவை. மரத்திலேயே பல மாதங்கள், சில இனங்களில் ஆண்டுகள்கூடத் தங்கும். ஆகவே பூக்காத பருவத்திலும் அவை கிடைக்கின்றன. ஆஸ்திரேலியர்கள் இவற்றைக் கம்நட் என்று அன்போடு அழைப்பார்கள். மரத்தடியில் குனிந்து தேடினால் காய்களும், உதிர்ந்த மொட்டு மூடிகளும் கிடைக்கும். ஆனால் பக்கத்து மரத்திலிருந்து விழுந்தவையும் அவற்றோடு கலந்திருக்கும் என்பதால், கீழே கிடைத்ததை இருகண் நோக்கியால் மேலே கிளையில் இருப்பதோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மொட்டில் முதலில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு பொதுக்காம்பின் நுனியிலிருந்து மொட்டுகள் கொத்தாகக் கிளம்பும். ஒரு கொத்தில் உள்ளவை 3, 7, 11 என்று பெரும்பாலும் ஒற்றைப்படையில் அமைகின்றன. எப்போதும் 3 இருக்கும் இனங்களும், எப்போதும் 7 இருக்கும் இனங்களும் உண்டு. காற்றிலும் பூச்சியாலும் சில உதிர்ந்திருக்கலாம் என்பதால் ஒரு கொத்தோடு நிறுத்தாமல் பல கொத்துகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நீலகிரித் தைலமரம் இதிலும் தனி வகை: அதன் மொட்டு தனித்தே வரும், மெழுகு பூசியது போல வெளுத்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும், காயும் அப்படியே பெரியதாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும்.

அடுத்தது மூடி. அது அரைக்கோளமா, கூம்பா, மூக்குப் போல் நுனி நீண்டதா, அடியிலுள்ள கிண்ணத்தைவிட நீளமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மொட்டின் நடுவில் வளையம் போல ஒரு தழும்பு இருக்கிறதா என்பதையும் உருப்பெருக்கியால் பார்க்கலாம். பல இனங்களில் இரண்டு மூடிகள் உண்டு. வெளிமூடி இளமையிலேயே விழுந்துவிடுவதால் அந்தத் தழும்பு ஏற்படுகிறது. ஸ்ட்ரிங்கிபார்க், பெப்பர்மின்ட், ஸ்கிரிப்ளி கம் முதலியன சேர்ந்த பெரும்பிரிவில் ஒரே மூடிதான். அங்கே தழும்பு இராது. இந்த ஒரு நுண்ணிய கோடு இரண்டு பெரும்பிரிவுகளைப் பிரித்துவிடுகிறது. அவற்றுக்கிடையே இயற்கையில் கலப்பும் நிகழ்வதில்லை.

மூடி எவ்வளவு பயன்படும் என்பதற்கு இரண்டு ரெட் கம்களே சான்று. ஃபாரஸ்ட் ரெட் கம், ரிவர் ரெட் கம் இரண்டும் வழவழப்பான, திட்டுத்திட்டான பெரிய மரங்கள். இரண்டின் காயிலும் வாயில் உள்ள முக்கோணப் பற்கள் வெளியே துருத்தி நிற்கும். ஃபாரஸ்ட் ரெட் கம்மின் மொட்டு மூடி கொம்பு போல நீண்டு, கிண்ணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இருக்கும். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆற்றங்கரைகளில் நிற்கும் ரிவர் ரெட் கம்மில் மூடி குட்டையாகி, நுனி மட்டும் பறவை அலகைப் போல் நீண்டிருக்கும். வடக்கே செல்லச் செல்ல ரிவர் ரெட் கம்மின் மூடி வடிவம் மாறுபடுவதால் அங்கே விதையையும் பார்ப்பார்கள்: ரிவர் ரெட் கம்மின் விதை மஞ்சள் கலந்த பழுப்பு, ஃபாரஸ்ட் ரெட் கம்மின் விதை கருமையானது. முன்னது உள்நாட்டு ஆறுகளின் மரம், பின்னது கிழக்குக் கடலோரச் சமவெளிகளின் மரம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

காயில் பார்க்க வேண்டியவை அதன் வடிவம், அளவு, வாய் விளிம்பு, உள்ளிருக்கும் முக்கோணப் பற்கள் ஆகியவை. காய் முற்றியதும் இந்தப் பற்கள் பிரிந்துதான் விதை வெளியேறுகிறது. அவை வாய்க்குள்ளே ஆழ்ந்திருக்கலாம், விளிம்புக்குச் சமமாக இருக்கலாம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். பிளட்வுட் காய்கள் கழுத்து ஒடுங்கி வாய் விரிந்த சாடி வடிவத்தில் தடித்திருக்கும்; மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரி மரத்தின் காய் இந்த வகையிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சிட்னி பெப்பர்மின்ட்டின் காய் சிறியது, முட்டை வடிவம், வாய் குறுகியது, பற்கள் உள்ளடங்கியவை. முன்னே சொன்ன பிளாக்பட், புளூ கம் இரண்டையும் காயிலும் பிரிக்கலாம். பிளாக்பட்டின் காய் உருண்டை அல்லது அரையுருண்டை, பற்கள் விளிம்புக்கு மேலே வருவதில்லை. புளூ கம்மின் காய் சற்றுச் சிறியது, மெல்லிய கூர்மையான பற்கள் வாய்க்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

ஸ்கிரிப்ளி கம்முக்குத் திரும்புவோம். யூகலிப்டஸ் ஹீமஸ்டோமாவின் காய் பம்பரம் போல அடி ஒடுங்கி மேலே அகன்றிருக்கும். வாயைச் சுற்றி அகலமான செம்பழுப்பு நிற வளையம் தெரியும். அதன் இலைகளும் தடித்து அகன்றவை. யூகலிப்டஸ் ரசிமோசாவில் காயும் சிறியது, இலையும் குறுகியது. தண்டில் இருக்கும் கிறுக்கல் இரண்டிலும் ஒன்றே என்பதால், அந்தச் செவ்வளையக் காயைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் மரத்தின் பெயர் உறுதியாகிறது. எனக்குத் தெரிந்த அளவில் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிடத் தெளிவான முதல் பாடம் வேறில்லை. ராயல் தேசியப் பூங்காவின் மேட்டு முகடுகளில் இந்த மரத்தைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

காட்டு மரமா, நட்ட மரமா?

ஆஸ்திரேலியாவில் நிற்கும் தைலமரம் எல்லாமே அந்த இடத்துக்கு உரியது என்று கொள்ளக் கூடாது. கண்டத்தின் ஒரு மூலையில் தோன்றியதை மறுமூலையில் நட்டிருப்பார்கள். தென் ஆஸ்திரேலியாவுக்குரிய சுகர் கம் விக்டோரியாவின் பண்ணைகளில் காற்றுத்தடுப்பு வரிசையாக நிற்கிறது. டாஸ்மேனியாவின் நீல கம் மேற்கு ஆஸ்திரேலியாவில் கூழ்மரத் தோட்டங்களாக வளர்கிறது. குயின்ஸ்லாந்தின் எலுமிச்சைத் தைலமரம் தெற்கே உள்ள நகரத் தெருக்களில் நிழல் தருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் மிகச் சிறிய பரப்பில் மட்டுமே இயற்கையாக வளரும் சிவப்புப்பூத் தைலமரம் நாடெங்கும் தோட்டங்களில் பூக்கிறது. சாலையோரம், பள்ளி வளாகம், பண்ணை வேலி ஆகியவற்றின் அருகில் நிற்கும் மரத்தைக் கொண்டு உள்ளூர் இனங்களைக் கற்கத் தொடங்கினால் பட்டியலே தவறாகிவிடும். மரங்கள் ஒரே வயதில் வரிசையாக நிற்பது, அடியில் உள்ளூர்ப் புதர்கள் இல்லாதது, சுற்றிலும் வெவ்வேறு உயரத்தில் கன்றுகள் காணப்படாதது ஆகியவை நட்ட மரத்தின் அறிகுறிகள். பழைய தேசியப் பூங்காக்களின் உட்பகுதிகளில் கற்பதே பாதுகாப்பானது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

தேசியப் பூங்காக்களில் இலையோ காயோ அனுமதியின்றி எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒளிப்படம்தான் நம் சேகரிப்பு. முழு மரம், அடித்தண்டு, கரடும் வழவழப்பும் சந்திக்கும் இடம், இலையின் இருபுறம், மொட்டுக் கொத்து, காயின் பக்கவாட்டுத் தோற்றம், காயின் வாய் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்க வேண்டும். காயின் அருகில் ஒரு நாணயமோ அளவுகோலோ இருப்பது அவசியம். பெரிய தைலமரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கனத்த கிளைகளை முன்னறிவிப்பின்றி உதிர்ப்பவை. ஆகவே அடியில் கூடாரம் போடவோ நெடுநேரம் உட்கார்ந்து குறிப்பெழுதவோ கூடாது. குறிப்பாக ஆற்றங்கரை ரெட் கம்களின் கீழ்.

வீடு திரும்பிய பிறகு யூக்ளிட் என்னும் இலவச இணையத் திறவுகோலைப் பயன்படுத்தலாம். ஆஸ்திரேலியத் தைலமரங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய அதில், நாம் பார்த்த அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும்போது பொருந்தாத இனங்கள் பட்டியலிலிருந்து நீங்கிக்கொண்டே வரும். முதலில் வட்டாரத்தையும், பிறகு பட்டை எந்த உயரம் வரை கரடாக இருக்கிறது என்பதையும், அதன்பின் மொட்டின் எண்ணிக்கையையும், காயின் பற்களையும் இடுவது நல்லது. நிறம் போன்ற ஐயத்துக்கிடமான அடையாளங்களைத் தொடக்கத்தில் இட்டால் சரியான இனமே நீங்கிவிடக்கூடும். நெருங்கிய இனங்கள் ஒன்றோடொன்று கலந்து இடைப்பட்ட வடிவங்களை உண்டாக்குவது தைலமரங்களில் அரிதன்று; ஆகவே சில மரங்களுக்குத் தேர்ந்த தாவரவியலாளரும் ஒற்றைப் பெயர் சொல்லத் தயங்குவர். தேடல் இரண்டு பெயர்களில் வந்து நின்றுவிட்டால் மரம் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு, மொட்டு முற்றி மூடி இன்னும் விழாமல் இருக்கும் பருவத்தில் மீண்டும் போய்ப் பாருங்கள்.